எங்கே புதைத்தால் என்ன?

என்னுடைய கதையொன்றில் ஒரு கல்லறைத் தோட்டம் வந்தது. அதன் நடுவே ஒரு சுவர் வந்தது. சுவருக்கு இப்புறம் உயர்ந்த ஜாதி என்று சொல்லிக்கொள்ளும் கிறிஸ்தவர்களும், அப்புறம் தாழ்த்தப்பட்ட கிறிஸ்தவர்களும் புதைக்கப்பட்டிருந்தார்கள். உண்மையில் நான் எழுதியது ஒரு காதல் கதை. சுவர் அதில் நாலு வரிதான் வரும். ஆனால் கதையைப் படித்தவர்களில் பலர் காதலர்களை அம்போவென்று விட்டுவிட்டுச் சுவரைப் பிடித்துக்கொண்டார்கள். வந்த கடிதங்களில் மிக நீளமானது ஓய்வுபெற்ற தலைமையாசிரியர் ஒருவர் எழுதியது. கத்தோலிக்கர். நல்ல தமிழ், அதைவிட நல்ல கையெழுத்து. பெயரை வெளியிட வேண்டாமென்று கேட்டுக்கொண்டிருக்கிறார். வெளியிடவில்லை.

அவருடைய வாதம் சுருக்கமாக இது: நான் கிறிஸ்தவன் அல்ல, ஆகையால் சாவைக் குறித்து ஒரு கிறிஸ்தவனுக்கு உள்ள நோக்கு எனக்குத் தெரியாது. கிறிஸ்தவனுக்குச் சாவு முடிவல்ல, வாசல். உடல் வெறும் மண். அதை எங்கே புதைத்தால் என்ன? சுவருக்கு எந்தப் பக்கம் கிடந்தாலும் ஆத்துமா போய்ச் சேருகிற இடம் ஒன்றுதானே! சுவர் என்பது ஊர் வழக்கம். அதை மதத்தோடு முடிச்சுப் போடுவது விஷமம்.

இந்தக் கடிதத்தை மூன்று தரம் படித்தேன். முதல் தரம் படித்தபோது, 'அடடா, எவ்வளவு பக்குவமான மனிதர்!' என்று தோன்றியது. இரண்டாம் தரம் படித்தபோது எங்கோ உறுத்தியது. மூன்றாம் தரம் புரிந்துவிட்டது. எங்கே புதைத்தால் என்ன என்று மெய்யாகவே நினைக்கிறவன் சுவர் கட்டமாட்டானே, ஐயா! செங்கல்லுக்கும் சுண்ணாம்புக்கும் கொத்தனார் கூலிக்கும் காசு கொடுத்து, ஊர்க்கூட்டம் போட்டு, ஒருவன் ஒரு சுவரை எழுப்புகிறான் என்றால், எங்கே புதைப்பது என்பது அவனுக்கு உயிருக்குச் சமானமான விஷயம் என்றுதானே அர்த்தம்? உடல் வெறும் மண் என்பது சுவருக்கு அப்புறம் போகிறவனுக்கு மட்டும் செய்யப்படுகிற உபதேசம். இப்புறம் படுத்திருக்கிறவர்களுக்கு உடல் மண் அல்ல, ஜாதி.

இன்னொன்றையும் சொல்லவேண்டும். தலைமையாசிரியர் எனக்கு எழுதியது கிறிஸ்தவமே அல்ல. அது எங்கள் வீட்டுத் திண்ணை வேதாந்தம்! உடம்பு ஒரு சட்டை, கிழிந்தால் கழற்றிப் போட்டுவிட்டு ஆத்மா வேறு வழி பார்த்துக்கொண்டு போகும் என்பது நாங்கள் பாட்டியிடம் கேட்டு வளர்ந்த பேச்சு. அதனால்தான் நாங்கள் எரிக்கிறோம். கிறிஸ்தவன் ஏன் புதைக்கிறான்? அவனுடைய விசுவாசப் பிரமாணத்தில் 'சரீர உத்தானம்' என்று ஒரு சொல் இருக்கிறது. இந்த உடல், இதே உடல், ஒரு நாள் எழுந்திருக்கும் என்பது அவன் கட்சி. கத்தோலிக்கத் திருச்சபை 1963-ஆம் வருஷம் வரையில் தகனத்தை அனுமதிக்கவே இல்லை. அனுமதித்த பிறகும் அடக்கமே உத்தமம் என்றுதான் சொல்லிவருகிறது. ஆங்கிலத்தில் கல்லறைத் தோட்டத்துக்கு வழங்கும் 'செமட்ரி' என்ற சொல், 'தூங்கும் இடம்' என்று பொருள்படும் கிரேக்கச் சொல்லிலிருந்து வந்தது. நம் ஊரிலும் மரண அறிவிப்பில் 'கர்த்தருக்குள் நித்திரையடைந்தார்' என்று போடுகிறார்கள். எவ்வளவு அழகான வார்த்தை! தூங்குகிறவன் விழிப்பான் என்ற நம்பிக்கை உள்ளவன்தான் அப்படிச் சொல்லமுடியும்.

எனக்கு அந்த நம்பிக்கை இல்லை. ஆனால் அந்த நம்பிக்கை உள்ளவரைப் பார்த்து ஒன்று கேட்க எனக்கு உரிமை உண்டு. அந்தக் கடைசி நாளில் எக்காளம் ஊதி எல்லோரும் எழுந்து நிற்கும்போது, உங்கள் தாத்தாவின் கண்ணில் முதலில் படப்போவது எது? அவரே சந்தா கொடுத்துக் கட்டிய சுவர்!

நான் இதையெல்லாம் புத்தகத்தில் படித்துவிட்டு எழுதவில்லை. கதையில் வந்த சுவரை நான் நேரில் பார்த்திருக்கிறேன்.

என் முதல் புத்தகம் அச்சான அச்சகத்தில் புரூப் பார்த்த பெரியவர் ஒருவர் இருந்தார். கத்தோலிக்கர், தாழ்த்தப்பட்ட குலத்தில் பிறந்தவர். ஒற்றுப் பிழைகளோடு என் அகங்காரத்தையும் சேர்த்துத் திருத்தியவர். "உங்கள் கதையில் யாராவது செத்தால் உடனே கதை முடிந்துவிடுகிறது, ஐயா. எங்களுக்கு அங்கேதான் அடுத்த அத்தியாயம்" என்பார். அப்படிச் சொல்லிவிட்டுச் சும்மா இருக்கிற ஆசாமி அல்ல. ஞாயிற்றுக்கிழமை பூசை முடிந்ததும் அவரும் கோயிலைச் சேர்ந்த இன்னும் மூன்று பேரும் அரசாங்க ஆஸ்பத்திரிப் பிணவறைக்குப் போவார்கள். கேட்பாரற்றுக் கிடக்கும் பிரேதங்களைப் போலீஸில் எழுதி வாங்கிக்கொண்டு வந்து, குளிப்பாட்டி, கோடித் துணி சுற்றி, குழி வெட்டி அடக்கம் செய்வார்கள். மரித்தோரை அடக்கம் செய்வது கத்தோலிக்கப் பிள்ளைகள் சின்ன வயதில் மனப்பாடம் செய்யும் தர்மக் கிரியைகளில் ஒன்று. மனப்பாடம் செய்ததை அறுபது வயதில் செய்துகொண்டிருந்தார் அவர். "அதுங்களுக்கு என்ன ஜாதி என்று பார்ப்பீர்களா?" என்று ஒரு தரம் கேட்டேன். "காலில் ஒரு சீட்டுக் கட்டியிருப்பான், அதில் நம்பர்தான் இருக்கும்" என்றார்.

அவர் இறந்தது சொந்தக் கிராமத்தில். செய்தி கேட்டு நான் போய்ச் சேர்ந்தபோது கோயிலில் துக்கமணி அடித்துக்கொண்டிருந்தது. கோயிலை ஒட்டிய கொட்டகையில் 'தூம்பா' என்கிற பொதுச் சவப்பெட்டியை வைத்திருப்பார்கள். ஊரில் யார் செத்தாலும் அதில் வைத்துத் தூக்கிப்போய், அடக்கம் ஆனதும் திரும்பக் கொண்டுவந்துவிடுவார்கள். ஏழையும் பணக்காரனும் ஒரே பெட்டியில் போவது என்பது எவ்வளவு பெரிய ஏற்பாடு! அந்தக் கொட்டகையில் இரண்டு பெட்டிகள் இருந்தன. ஒன்று கறுப்பு வார்னிஷ் அடித்துப் பித்தளைச் சிலுவை வைத்தது. மற்றது சாயம் போனது. என் நண்பருக்கு எது வந்திருக்கும் என்று நான் சொல்லவேண்டியதில்லை.

ஊர்வலம் கோயில் தெரு வழியாகப் போகவில்லை. வயல் வரப்பைச் சுற்றிக்கொண்டு போயிற்று. யாரும் தடுக்கவில்லை. யாரும் சண்டை போடவில்லை. தெருக்காரர்கள் சிலர் வாசலில் எழுந்து நின்று சிலுவை போட்டுக்கொண்டார்கள். எல்லாம் மிக மரியாதையாக நடந்தது. அந்த மரியாதைதான் எனக்குப் பயமாக இருந்தது. சாமியார் கணீரென்று ஜெபம் வாசித்தார். மண்ணிலிருந்து வந்தவன் மண்ணுக்குத் திரும்புகிறான் என்கிற பொருள் அவர் வாயிலிருந்து வந்தபோது, அந்த மண் சுவருக்கு எந்தப் பக்கத்து மண் என்று கேட்கத் தோன்றியது. கேட்கவில்லை. விருந்தாளியாகப் போனவனுக்கு அவ்வளவு தைரியம் கிடையாது. அந்த வெட்கத்தில் கொஞ்சம் கதையில் இறங்கிற்று. மீதி இந்தக் கட்டுரையில் இறங்குகிறது.

எல்லோரும் போன பிறகு குழிவெட்டியிடம் பேச்சுக் கொடுத்தேன். "அந்தப் பக்கம் யார் குழி வெட்டுகிறது?"

"அந்தப் பக்கமும் நான்தாங்க. மண்ணு ஒண்ணுதான். அங்கே கொஞ்சம் சுக்கான்கல்லு ஜாஸ்தி, கடப்பாரை போட்டுத்தான் எடுக்கணும்."

"உங்கப்பா எந்தப் பக்கம்?"

அவன் சிரித்தான். சாயம் போன பெட்டியைக் காட்டினான்.

தலைமையாசிரியர் 'ஊர் வழக்கம்' என்கிறாரே, அந்த வழக்கத்துக்கு வருவோம். அவருடைய மதத்தின் ஆதி வழக்கம் என்ன? ரோமாபுரியில், ஆப்பியன் சாலைக்கு அடியில், கிறிஸ்தவர்களின் பழைய நிலத்தடிக் கல்லறை ஒன்று இருக்கிறது. அதற்குக் கலிஸ்து என்பவரின் பெயர். யார் இந்தக் கலிஸ்து? ஒருவருக்கு அடிமையாக இருந்தவர். அந்த மனிதரிடம்தான் அன்றைய போப்பாண்டவர் கல்லறையின் நிர்வாகத்தை ஒப்படைத்தார். பிறகு, 217-ஆம் ஆண்டுவாக்கில், அவரே போப்பாண்டவரானார். நம் ஊர்க் கணக்கில் சொல்வதானால், குழிவெட்டி மேற்றிராணியார் ஆனதைப் போல! அதற்கு நூற்றைம்பது வருஷம் கழித்து ஜூலியன் என்ற சக்கரவர்த்தி வந்தான். கிறிஸ்தவத்தை வெறுத்துப் பழைய தெய்வங்களை மீண்டும் நிலைநிறுத்தப் பார்த்தவன். இந்த மதம் இப்படிப் பரவுவதற்கு அவன் கண்ட காரணங்களுள் ஒன்று என்ன தெரியுமா? அவர்கள் அந்நியரை உபசரிப்பதும், செத்தவர்களின் அடக்கத்தில் காட்டும் அக்கறையும்தான் என்று தன்னுடைய பூசாரி ஒருவருக்குப் புலம்பி எழுதுகிறான். சத்துரு கொடுத்த நற்சான்றிதழ் இது. நம் ஊர்க் கல்லறைச் சுவரை அவன் பார்த்திருந்தால் நிம்மதியாகத் தூங்கியிருப்பான்.

தமிழ்நாட்டுக்கு வந்தபோது இந்த மதம் என்னவாயிற்று என்பது ஒரு பெரிய கதை. ஒரே ஒரு இடத்தைத் தொட்டுக் காட்டுகிறேன். 1704-ஆம் வருஷம் புதுச்சேரியில் போப்பாண்டவரின் பிரதிநிதியாக வந்திருந்த தூர்னோன் ஒரு கட்டளை பிறப்பித்தார். அதில் ஒரு ஷரத்து, சாகக் கிடக்கும் பறையரின் குடிசைக்குச் சாமியார்கள் போய்த் தேவதிரவிய அனுமானங்களைக் கொடுக்க மறுக்கக்கூடாது என்பது. கட்டளை போடுகிற அளவுக்கு அது நடந்திருக்கிறது! அவஸ்தைப்பூசுதல் கொடுக்கவேண்டிய சாமியார் குடிசைக்குள் நுழைந்தால் மேல்ஜாதிக்காரர்கள் அவரைச் சேர்க்கமாட்டார்கள். ஆகவே சாகிறவனை வெளியே தூக்கிவரச் செய்வது என்பது ஏற்பாடு. இந்தத் தகராறு ரோமாபுரிக்கும் புதுச்சேரிக்குமாக நாற்பது வருஷம் நடந்தது. 1744-இல் பதினாலாம் ஆசீர்வாதப்பர் என்ற போப்பாண்டவர் முடிவு சொன்னபோது, தாழ்ந்த ஜாதியாருக்கென்று தனியே சில சாமியார்களை நியமித்துக்கொள்ளலாம் என்ற சேசு சபையாரின் யோசனை ஏற்கப்பட்டது. அந்தச் சாமியார்கள் நல்லவர்கள் அல்ல என்று நான் சொல்லவில்லை. வீட்டைத் துறந்து, கடலைத் தாண்டி வந்து, நம் வெயிலிலும் காய்ச்சலிலும் செத்தவர்கள் அவர்கள். சாவுக்கு அஞ்சாதவர்கள். ஆனால் ஜாதிக்கு அஞ்சினார்கள். சாவைவிடப் பெரிய பூதம் ஒன்று இந்த மண்ணில் இருக்கிறது என்பதை அவர்கள்தான் முதலில் கண்டுகொண்டார்களோ என்னவோ!

திருநெல்வேலிச் சீமையில் வடக்கன்குளம் என்று ஓர் ஊர். அங்கே ஒரே பீடத்தை நோக்கி இரண்டு பிரிவாக ஒரு கோயில் கட்டினார்கள். ஒரு பிரிவு ஒரு ஜாதிக்கு, மறு பிரிவு மற்றவர்களுக்கு, நடுவே தடுப்பு. 1910-இல் தடுப்பை எடுத்தார்கள். எடுத்ததற்காக வழக்கு நடந்தது! சென்னை உயர்நீதி மன்றம் வரையில் போய், ஜாதி உரிமை கேட்டவர்கள் தோற்றார்கள். அதே வடக்கன்குளத்தில்தான் 1745-இல் தேவசகாயம் ஞானஸ்நானம் பெற்றார். திருவிதாங்கூர் அரண்மனையில் உத்தியோகம் பார்த்தவர், நாயர் குலத்தவர். ஜாதி பாராமல் எல்லோரோடும் பழகினார் என்பது அவர்மீது இருந்த ஆத்திரங்களில் ஒன்று. எருமை மீதேற்றி ஊர் ஊராக இழுத்தடித்து, 1752 ஜனவரியில் காற்றாடி மலையில் சுட்டுக் கொன்றார்கள். உடலைக் காட்டில் எறிந்தார்கள். கிறிஸ்தவர்கள் எலும்புகளைப் பொறுக்கி எடுத்துக் கோட்டாற்றுக் கோயிலில் அடக்கம் செய்தார்கள். 2022-இல் ரோமாபுரியில் அவரைப் புனிதராக்கியபோது பெயருக்குப் பின்னாலிருந்த 'பிள்ளை'யை எடுத்துவிட்டார்கள். நல்ல காரியம். இருநூற்றெழுபது வருஷத்துக்கு முன்னால் அவர் தாமே கழற்றி எறிந்ததைக் காகிதத்திலும் எடுத்தாயிற்று!

திருச்சி மேலப்புதூர்க் கல்லறையின் ஜாதிச் சுவரை 2010-இல் சிலர் போய் இடித்தபோது அது பத்திரிகையில் வந்தது. இடிக்கப் போனவர்கள் பெரியாரின் வழிவந்த நாஸ்திகர்கள். உத்தானத்தில் நம்பிக்கை உள்ளவர்கள் கட்டிய சுவரை, செத்தவன் எழுந்திருக்கமாட்டான் என்பவர்கள் வந்து இடிக்கவேண்டியிருக்கிறது! 2008-இல், அன்றைய விழுப்புரம் மாவட்டத்து எறையூரில், கத்தோலிக்கருக்கும் கத்தோலிக்கருக்கும் நடந்த ஜாதிக் கலவரத்தில் துப்பாக்கிச் சூடு நடந்து இருவர் மாண்டார்கள். மாண்டவர்கள் மேல்ஜாதிப் பக்கத்தவர்கள். அவர்களும் யாரோ பெற்ற பிள்ளைகள்தான். அதை மறக்க எனக்கு மனமில்லை.

கண்டிக்கவே இல்லை என்று நான் சொல்லமாட்டேன். 1833-இல் கல்கத்தா ஆங்கிலிக்கன் பிஷப் டேனியல் வில்சன் தம் சபைகளில் ஜாதி உடனே ஒழியவேண்டும் என்று சுற்றறிக்கை விட்டார். தஞ்சாவூரிலும் வேப்பேரியிலும் பலர் சபையை விட்டே போனார்கள். 2003-இல் இரண்டாம் யோவான் பவுல், தம்மைக் காணவந்த தமிழ்நாட்டு மேற்றிராணிமாரிடம் ஜாதிப் பிரிவினையை வெளிப்படையாகக் கண்டித்தார். 2016-இல் இந்திய மேற்றிராணிமார் பேரவையே தலித் கத்தோலிக்கருக்கு இழைக்கப்படும் தீண்டாமையை ஒப்புக்கொண்டு ஓர் அறிக்கை வெளியிட்டது. கண்டனம் காகிதத்தில் இருக்கிறது. சுவர் செங்கல்லில் இருக்கிறது.

சர்க்காரின் வேடிக்கையையும் பாருங்கள். 1950-ஆம் வருஷத்து ஜனாதிபதி உத்தரவின்படி கிறிஸ்தவனான தலித் அட்டவணை ஜாதியில் சேரமாட்டான். ஏன்? கிறிஸ்தவத்தில்தான் ஜாதி இல்லையே! சீக்கியரை 1956-இலும் பௌத்தரை 1990-இலும் சேர்த்துக்கொண்டார்கள், கிறிஸ்தவனைச் சேர்க்கவில்லை. உயிரோடிருக்கும்வரை சலுகை கேட்டுப் போனால் 'உனக்கு ஜாதி கிடையாது' என்று தாசில்தார் திருப்பி அனுப்புகிறார். செத்த பிறகு 'உனக்கு ஜாதி உண்டு' என்று கோயில் கமிட்டி சுவருக்கு அப்புறம் அனுப்புகிறது.

உங்கள் சுடுகாட்டின் லட்சணம் என்ன என்று தலைமையாசிரியர் கேட்கலாம். கேட்கவேண்டும். எங்கள் ஊரிலும் ஜாதிக்கொரு சுடுகாடு இருக்கிறது. பாதைக்குச் சண்டை இருக்கிறது. பாதை இல்லாமல் பாலத்திலிருந்து பிரேதத்தைக் கயிறு கட்டி இறக்கிய கொடுமை 2019-இல் வாணியம்பாடி அருகே நடந்து, நாடே பார்த்தது. அதைப் பற்றி எழுதுகிற அன்று என் வார்த்தை இதைவிடக் கடுமையாக இருக்கும். ஆனால் ஒரு பாவத்துக்கு இன்னொரு பாவம் சாட்சி சொல்ல வரக்கூடாது. 'நாங்கள் மனிதர்களைப் பிறப்பால் பிரிக்கிறவர்கள்' என்று சாத்திரம் எழுதிவைத்துக்கொண்டு பிரிக்கிறவன் கொடியவன். எல்லோரும் ஒரே உடலின் அவயவங்கள் என்று ஞாயிறுதோறும் முழங்காலிட்டுச் சொல்லி, ஒரே அப்பத்தைப் பிட்டுத் தின்றுவிட்டு, திங்கட்கிழமை பிரிக்கிறவனை என்னவென்று சொல்வது?

கடிதத்தில் ஒரே ஓர் இடம் என்னைத் தொட்டது. 'என் தகப்பனார் பக்கத்தில், என் மனைவி பக்கத்தில் படுக்க எனக்கு ஆசையிராதா?' என்று கேட்டிருக்கிறார். இருக்கும் ஐயா, இருக்கத்தான் வேண்டும். வருஷா வருஷம் நவம்பர் 2-ஆம் தேதி, கல்லறைத் திருநாளன்று, புல்லைச் செதுக்கி, வெள்ளையடித்து, பூவும் மெழுகுவத்தியும் வைத்துவிட்டு உட்கார்ந்திருக்கிறீர்களே, அதை எந்த மூடன் பரிகாசம் செய்வான்? உங்கள் மனைவியின் பக்கத்தில் உங்களுக்கு ஆறடி இடம் இருக்கட்டும். அதற்குச் சுவர் எதற்கு? என் நண்பர் அந்தச் சுவருக்கு அப்புறம் கிடப்பதால் உங்கள் மனைவிக்குத் தூக்கம் நன்றாக வருகிறதா?

மரணத்துக்கு அஞ்சாமை பற்றி நீங்கள் ஒரு பக்கம் எழுதியிருக்கிறீர்கள். என் நண்பர் அதைப் பற்றி ஒரு வாக்கியம்கூடப் பேசியதில்லை. அழுகிய பிணங்களைக் குளிப்பாட்டினார். விசுவாசத்தில் ஜீவிப்பது என்று உங்கள் பிரசங்கங்களில் சொல்கிறார்களே, எனக்குத் தெரிந்து அதைப் பார்த்தது அந்தப் பிணவறை வாசலில்தான். அவர் அடக்கம் செய்த அநாதைகளில் உங்கள் ஜாதிக்காரன் ஒருவனாவது இருந்திருக்கமாட்டானா? அந்தக் கை பட்டுத்தான் அவன் குழிக்குள் இறங்கியிருப்பான்.

இந்தக் கட்டுரைக்கும் பதில் எழுதுவீர்கள் என்று தெரியும். எழுதுங்கள். அதற்கு முன் ஒரு சின்ன வேலை. உங்கள் ஊர்க் கல்லறையிலும் சுவர் உண்டு என்று கடிதத்தின் மூன்றாம் பக்கத்தில் நீங்களே குறிப்பிட்டிருக்கிறீர்கள். கோயில் கணக்குப் புத்தகத்தைப் புரட்டி, அது எந்த வருஷம் கட்டப்பட்டது, என்ன செலவாயிற்று, யார் யார் எவ்வளவு கொடுத்தார்கள், கொத்தனார் யார், அவர் எந்தப் பக்கம் புதைக்கப்பட்டார் என்று பார்த்து எழுதி அனுப்புங்கள். ஒரு வார்த்தை குறைக்காமல் போடச் சொல்லி ஆசிரியரிடம் நானே கொடுக்கிறேன்.